மலையேறும் குழுவும் அதன் ஆயத்தமும்



தமிழில் பனி என்னும் சொல் பல பொருளை ஏற்று நிற்பது. மார்கழி விடியலிற் புல்நுனியில் தங்கும் நீர்த்துளி பனி. பெரகலக் கணவாயின் வழியே ஏறி வந்து, எதிரே நிற்பவர் முகத்தையும் மறைத்துவிடும் மூட்டமும் பனி. நுவரெலியாவில் தை மாதத்து இரவுகளிற் புல்லைக் கருக்கும் உறைபனியும் பனி. பூமத்திய ரேகைக்கு அண்மையில், ஆபிரிக்காவின் கிளிமஞ்சாரோ எரிமலையின் முடியிற் கிடக்கும் வெண்பனியும் பனியே. இந்நான்கிற்கும் ஒரே பெயர் இட்ட நம் முன்னோர் தவறு செய்தாரல்லர். நான்கும் குளிரின் படிகளே. மலையேறுவோன் அப்படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைக்கிறான்.

கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகின்றது. கொழும்பின் சராசரி வெப்பம் 27 அல்லது 28 பாகை. அப்புத்தளைப் புகையிரத நிலையம் 1,400 மீற்றருக்குச் சற்று மேலே இருப்பதால், அங்கே அது 18 பாகையளவிற்கு இறங்குகின்றது. சிவனொளிபாத மலையின் உச்சி 2,243 மீற்றர்; அங்கே சராசரி 13 பாகையளவு. விடியற்காலையில் இதனினும் தாழும். காற்று வீசினால் உடலுக்கு இன்னும் தாழ்ந்ததாகத் தோன்றும். கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீற்றர். இதே கணக்கை அங்கே போட்டால், உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை வரும். நெருப்பைக் கக்கிய மலையின் தலையில் வெண்பனி கிடப்பதன் காரணம் இதுவே. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான் என்பதால், இங்கே உறைபனியோடு நின்றுவிடுகின்றது.

சிவனொளிபாதம் கூம்பு வடிவாய் நிற்பதைக் கண்டு, அதுவும் ஓர் அணைந்த எரிமலையோ என்று சிலர் வினவுவதுண்டு. அன்று. எரிமலையின் கூம்பு, உள்ளிருந்து வெளிவந்த குழம்பும் சாம்பலும் குவிந்து எழுந்தது. நம் மலையோ, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. மழையும் காற்றும் பல கோடி ஆண்டுகள் அரித்தமையால் இவ்வடிவம் பெற்றது. ஒன்று குவிந்து உயர்ந்தது. மற்றொன்று தேய்ந்து கூர்மையடைந்தது. எனினும், அவற்றின் மீது ஏறும் மனிதனுக்கு வேண்டிய ஆயத்தம் பெரும்பாலும் ஒன்றே.

இதற்குச் சிறந்த சான்று யப்பான் தேசத்தின் பூஜி மலை. 3,776 மீற்றர் உயரமுள்ள இவ்வெரிமலை கடைசியாக வெடித்தது 1707ஆம் ஆண்டில். ஆண்டின் பெரும்பகுதியில் வெண்பனி போர்த்திருக்கும். யூலை தொடக்கம் செத்தெம்பர் முற்பகுதி வரையே பொதுமக்கள் ஏறும் பருவம். 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில், அந்நாட்டுக் குடியானவரும் கைவினைஞரும் சங்கங்களாகச் சேர்ந்து, தத்தம் சிறு தொகையை ஒரு பொது நிதியிற் போட்டு, ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிச் சிலரைத் தெரிந்து பூஜிக்கு அனுப்பினர். அவர்களை அழைத்துச் சென்றவர், பலமுறை ஏறிப் பழகிய ஒரு வழிகாட்டி. இத்தகைய குழு மலையேற்றம் நமக்கும் புதிதன்று. சிவனொளிபாதத்திற்குக் குழுவாகச் செல்லும் சிங்கள யாத்திரிகர் தம் குழுவை ‘நடே’ என்பர். அதன் தலைவரை ‘நடே குரா’ என்பர். முதன்முறை ஏறுவோருக்குக் ‘கோடு’ என்று பெயர். மலையையும் மழையையும் அறிந்த முதியவர் ஒருவர் முன்னே சென்றாலன்றிக் குழு புறப்படாது என்பது அவர்தம் மரபு.

பௌத்தர், சைவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய நாற்சமயத்தாரும் தத்தம் நம்பிக்கைக்கேற்பப் போற்றும் பாதச்சுவடு அம்மலை முடியில் உள்ளது. 1344ஆம் ஆண்டிலே அங்கு ஏறிய மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, பாறையிற் பூட்டிய இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதை எழுதிவைத்துள்ளார். இன்று படிக்கட்டுகளும் கைப்பிடிகளும் உள்ளன. பருவ காலத்தில் வழிநெடுக மின்விளக்கும் உண்டு. வழி எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால் உயரம் குறையவில்லை, குளிர் குறையவில்லை, ஏறுவோரின் வயதும் நோயும் குறையவில்லை. எனவே ஆயத்தம் என்பது இன்றும் உயிரைப் பற்றிய செய்தியே.

பெரகல, அல்துமுல்லை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து செல்வோருக்கு இருவழிகள் உள. ஒன்று, மலையகப் புகையிரதப் பாதையால் அட்டனை அடைந்து, மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் செல்வது. மற்றொன்று, பெரகலவிலிருந்து பெருவீதி வழியாகப் பலாங்கொடை, இரத்தினபுரி சென்று, பலாபத்தலையிலிருந்து ஏறுவது. நல்லதண்ணி வழி குறுகியது. ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் ஆயிரம் மீற்றர் உயர வேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. இரத்தினபுரி வழி நெடியது, காட்டினூடே செல்வது, அட்டைக்கடி மிகுந்தது. முதன்முறை ஏறுவோரையும் முதியோரையும் கொண்ட குழு நல்லதண்ணி வழியையே தெரிவதே அறிவுடைமை.

காலத்தைத் தெரிவதும் ஆயத்தத்தின் ஒரு பகுதி. மார்கழிப் பூரணையிற் பருவம் தொடங்கி, வைகாசியில் வரும் வெசாக் பூரணையோடு முடிகின்றது. மற்றைய மாதங்களில் மழையும் காற்றும் மிகுதி. விளக்கும் கடையும் இல்லை. பருவத்திற்குள்ளும் போயா தினங்களிலும் வார இறுதிகளிலும் கூட்டம் நெருங்கி, படிகளில் மணிக்கணக்காக நின்ற நிலையிலே காத்திருக்க நேரும். நடப்பவனைக் குளிர் எளிதில் தீண்டாது. வியர்த்த உடம்போடு நிற்பவனையே அது பற்றுகின்றது. ஆகையால் வாரத்தின் நடுநாள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

ஊவா மக்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறத்தல் இயலாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போதும் மலையகமெங்கும் மண் சரிந்தது. வீதிகளும் புகையிரதப் பாதையும் சிதைந்தன. எனவே குழுத் தலைவர் நாட் குறிக்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும்: புகையிரதம் எந்த நிலையம் வரை ஓடுகின்றது, வீதி திறந்துள்ளதா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அப்பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்துள்ளதா. எச்சரிக்கை இருப்பின் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

இனி உடலின் ஆயத்தத்தைக் காண்போம். ‘நாள்தோறும் மலையிற் கொழுந்து பறிப்பவர்களுக்கு நடைப்பயிற்சி எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சரிவில் நிற்கவும் சுமையோடு நடக்கவும் அவர்கள் பழகியவர்கள். நகரவாசியைவிட எவ்வளவோ திறமுடையவர்கள். ஆனால் மூன்று நான்கு மணி நேரம் இடைவிடாது படியேறுவதும், அதன்பின் அத்தனை படிகளையும் இறங்குவதும் வேறொரு வேலை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. பழகாத தசை இவ்வாறு உழைத்தால் அதன் நுண்ணிழைகள் நொந்து, ஒருநாள் இருநாள் கழித்துக் கடும் வலியைத் தரும். நடுங்கும் கால்களோடு இறங்குபவன் இடறி விழுவதும் எளிது.

ஆதலால் ஆறு வாரங்களுக்கு முன்னரே, வாரத்தில் மூன்று நாள் நடை தொடங்குதல் வேண்டும். முதலில் அரைமணி நேரம். பின்னர் ஒரு மணி. கடைசி இரு வாரங்களில் ஒருநாளாவது நான்கு மணி நேர நடை. தம்பத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்னும் மேட்டுக்குச் செல்லும் ஏழு கிலோமீற்றர் வழி நம் பகுதியார்க்கு வாய்த்த நல்ல பயிற்சிக் களம். ஏறுவதோடு நில்லாமல், இறங்கியும் பழக வேண்டும். நடக்கும்போது அருகில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகின்றதா என்று பார்க்க வேண்டும். பேச முடியாமல் மூச்சு அறுமானால் வேகம் அதிகம். இதனைவிடச் செலவில்லாத அளவுகோல் வேறில்லை.

வைத்தியரைக் காணுதல் அடுத்தது. நெஞ்சுவலி, ஈளை, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியசாலைக்குச் சென்று கேட்டே தீர வேண்டும். நம் தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச் சோகை அரிதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்தின் செந்நிறப் பொருள். அது குறைந்தவர்க்கு, மற்றவர் இளைப்பாறும் இடத்திலே தலை சுற்றும். ‘சோம்பல்’ என்று அவரைக் கடிவது அறியாமை. ஒரு சிறு இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். மருந்தும் உணவும் சில மாதங்களிற் குறையை நிரப்பும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், விரதத்தின் பொருட்டு உண்ணாது இரவெல்லாம் ஏறுவது ஆபத்து. இரத்தத்திற் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். விரதத்தின் முறை பற்றி வைத்தியரிடமும் வீட்டுப் பெரியோரிடமும் முன்னரே கலந்துகொள்வது நலம். பையில் எந்நேரமும் சீனியோ இனிப்போ இருத்தல் வேண்டும்.

உயரம் மூச்சை எவ்வாறு மாற்றுகின்றது? மேலே செல்லுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைகின்றது. ஒரு மூச்சில் உட்செல்லும் பிராணவாயுவும் குறைகின்றது. சிவனொளிபாத உச்சியிற் கிடைப்பது கடற்கரையிற் கிடைப்பதில் ஏறக்குறைய முக்காற்பங்கு. கிளிமஞ்சாரோ உச்சியில் ஏறக்குறைய அரைப்பங்கு. எவரெஸ்டில் மூன்றிலொரு பங்கு. மலைநோய் என்னும் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேயே தோன்றுவதால், நம் மலையில் அவை அரிது. பூஜியும் கிளிமஞ்சாரோவும் அப்படியல்ல. அங்கே செல்வோர் உடலுக்கு அவகாசம் கொடுத்து ஏற வேண்டும். 3,000 மீற்றருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மிகாமல் உயர்த்துவது மருத்துவர் கூறும் வரம்பு. தலைவலி வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். தள்ளாட்டமோ, மனக்குழப்பமோ, இருந்த நிலையிலும் மூச்சுத் திணறலோ கண்டால், நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். பதிவு பெற்ற வழிகாட்டியின்றிக் கிளிமஞ்சாரோவில் ஏற அந்நாட்டார் எவரையும் விடுவதில்லை.

உடையைப் பற்றி ஒரு சொல். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரத்துணி உடற்சூட்டை விரைந்து கவர்ந்துவிடும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். தடித்த ஓர் உடையைக் காட்டிலும் மெல்லிய மூன்று உடைகள் மேலானவை. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம். நிற்கும்போது மீண்டும் அணியலாம். உச்சியை அணுகியதும், வியர்த்த சட்டையை மாற்றி உலர்ந்த சட்டை அணிதல் வேண்டும். இதனை நூறுமுறை சொன்னாலும் தகும். விடியலுக்காக ஒரு மணி நேரம் அங்கே காத்திருப்பவர்களில் நடுங்குபவர் பெரும்பாலும் ஈரச்சட்டைக்காரரே. தலைக்குக் குல்லாயும், காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கியும் வேண்டும். நடுக்கம் நிற்காமல் நாக்குழறி, கால் தடுமாறினால் உடற்சூடு ஆபத்தான அளவுக்குத் தாழ்கிறது என்று அறிக. அத்தகையவரை ஒதுக்கிடத்திற்குக் கொணர்ந்து, உலர்ந்த உடை உடுத்தி, கம்பளி போர்த்தி, நினைவு தெளிவாயிருப்பின் இனிப்பான சூடான தேநீர் கொடுக்க வேண்டும். மதுபானம் சூடு தருவது போலக் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும், அதனை அண்டவிடலாகாது.

காலணி பழகியதாயிருக்க வேண்டும். புதுச் சப்பாத்து மலைக்கு ஆகாது. இறங்கும்போது விரல்கள் முன்னே மோதும் என்பதால், நுனியிற் சற்று இடமும், வெட்டிய நகங்களும் வேண்டும். வெறுங்காலோடு ஏற நேர்ந்துகொண்டவர்கள், இறங்கும் வேளைக்கென ஒரு சோடியைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு டோர்ச் விளக்கு, ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் நீர், ரொட்டி, வாழைப்பழம், கச்சான், வெல்லம் இவ்வளவும் போதும். சுமையைக் கூட்டுவது வலிமையன்று. பொலித்தீனையும் வெற்றுப் போத்தல்களையும் மலையில் விடாது திருப்பிக் கொணர்தல் வேண்டும். அம்மலையைச் சூழ்ந்த காடு, 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. நம் ஆறுகள் பல பிறக்கும் இடமும் அதுவே.

இனிக் குழுவின் ஒழுங்கு. புறப்படுமுன் பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதி, ஒவ்வொருவரின் வயது, நோய், மருந்து ஆகியவற்றைத் தலைவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படியை வீட்டிலும் வைத்துச் செல்ல வேண்டும். விடியலைக் காண விரும்புவோர் நள்ளிரவு கழிந்து இரண்டு மணியளவில் நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்குவது வழக்கம். தலைவர் முன்னே செல்வார். அவருக்கு அடுத்து நடக்க வேண்டியவர் குழுவில் மிக மெதுவானவர். பலர் இதனை மாற்றிச் செய்கின்றனர். இளைஞர் முன்னே ஓட, பாட்டிமார் பின்னே தனித்து விடப்படுகின்றனர். மெதுவானவர் முன்னே இருந்தால் குழு முழுவதும் அவர் நடையில் நடக்கும்; எவரும் இருளிற் பிரியார். எல்லார்க்கும் பின்னே, வழியறிந்த திடகாத்திரர் ஒருவர் வர வேண்டும். அவரைத் தாண்டி எவரும் பின்தங்கலாகாது. ஒவ்வொரு தங்குமடத்திலும் தலைகளை எண்ண வேண்டும். அவசர நோயாளருக்கு அழைக்க வேண்டிய அம்புலன்ஸ் இலக்கம் 1990 என்பதை எல்லாரும் மனத்திற் பதிக்க வேண்டும்.

தலைவரின் கடமைகளுட் கடினமானது ஒன்றுண்டு. திரும்புவோம் என்று சொல்வதே அது. செலவழித்த பணமும், நேர்த்திக்கடனும், ஊரார் வினவலும் அச்சொல்லைத் தடுக்கும். இங்கே நம் நாட்டார் இருவரின் வரலாற்றை நினைவு கூர்வோம். 2016 மே 21ஆம் நாள் ஜயந்தி குரு-உத்தும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையராயினார். அதே பயணத்தில் அவரோடு சென்ற ஜொஹான் பீரிஸ், பிராணவாயு போதாமையால், உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே திரும்பினார். அவர் தோற்றவரா? இரண்டாண்டுகளின் பின், 2018 மே மாதத்தில், அவர் மீண்டும் சென்று அவ்வுச்சியில் நின்றார். முதன்முறை திரும்பியிராவிடின் இரண்டாம் முறை இருந்திராது.

ஆகவே, கூட வந்த மூதாட்டி பாதிவழியில், ‘என்னால் இயலவில்லை’ என்று சொன்னால், அவரைத் தூண்டித் துரத்த வேண்டாம். அவரைத் தனியே அமர்த்திவிட்டு, ‘வரும்போது அழைத்துச் செல்வோம்’ என்று போகவும் வேண்டாம். துணைக்கு ஒருவர் தங்க வேண்டும், அல்லது அவரை இறக்கிக் கொண்டுபோக வேண்டும். யார் தங்குவது என்பதை மலையில் வைத்து வாதிடாமல், புறப்படுமுன்னரே வீட்டில் தீர்மானித்திருத்தல் முறை. தங்குபவருக்கு மனக்குறை இராதவாறு, அடுத்த ஆண்டு அவர் செலவைப் பொது நிதியிலிருந்து கொடுப்பதாக உடன்படலாம். பூஜிக்குச் சென்ற சங்கத்தார் நிதி சேர்த்ததுபோல, மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கும் நம் தோட்டக் குழுக்களுக்கும் இது இயலாததன்று.

உச்சியிற் கதிரவன் எழும்போது, மலையின் முக்கோண நிழல் மேற்கே மூட்டத்தின் மீது விழுவதைக் காணலாம். எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை மணியடிப்பது அங்குள்ள வழக்கம். ஆனால் மணியோசையோடு பயணம் முடிந்துவிடவில்லை. களைப்பும், உறக்கமின்மையும், நடுங்கும் தொடையும் ஒன்றுசேர்வது இறக்கத்திலேதான். ஆதலால் உச்சியில் உணவு உண்டு, நீர் அருந்தி, சற்று இளைப்பாறி, கைப்பிடியைப் பற்றிச் சிற்றடி வைத்து இறங்க வேண்டும். எதிரே ஏறிவரும் யாத்திரிகரைச் சிங்களச் சகோதரர் ‘கருணாவாயி’ என்று வாழ்த்துவர். அருள் உண்டாகுக என்பது அதன் கருத்து. மொழி எதுவாயினும், மூச்சிரைத்து ஏறுபவருக்கு அவ்வாழ்த்து ஊன்றுகோலாகும், நாமும் சொல்லலாம்.

நல்லதண்ணிப் பாலத்தை அடைந்ததும் தலைவர் பட்டியலை எடுத்துக் கடைசி முறையாக எண்ண வேண்டும். இருபத்தொருவர் புறப்பட்டிருந்தால் இருபத்தொருவரும் அங்கே நிற்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் உச்சி கண்டனர் என்பது இரண்டாவது கேள்வி.